துரைசானியின் பிடிலுக்குள் இருந்தது

போன மாதம் என் வீட்டில் நாம் ஐந்து பேரும் கூடியிருந்தபோது, என் பேத்தி டி.வி.க்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தாள். "நம்ம காலத்துல ஏதுடி இதெல்லாம்" என்று உங்களில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "நான் ஆடியிருக்கேன்" என்றேன். காபி புரையேறும் அளவுக்குச் சிரித்தீர்கள். உபதேசியார் மகளாவது, ஆடுவதாவது என்று. அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் யாராவது மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு இரண்டு கோடைக்கு முந்தி. திண்டிவனத்தில் மிஷன் காம்பவுண்டுக்குள் குடியிருந்தோம். அப்பா உபதேசியார். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடில் வாசித்துக்கொண்டே வேதக் கதைகளைக் காலட்சேபமாகச் சொல்வார். கிளியனூர்ப் பக்கம் அவர் போனால், விடிந்ததும் வயலுக்குப் போக வேண்டியவர்கள்கூட இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்களாம். இது அம்மா சொன்னது. அம்மா அப்பாவைப் புகழ்வது அபூர்வம் என்பதால் நம்பலாம்.

ஆட்டம் என்றால் மட்டும் அப்பாவுக்கு ஆகாது. கூத்துப் பார்க்கப் போன அண்ணனைப் புளியமிளாறால் விளாசிவிட்டு, அந்த மிளாறை ஒரு வாரம் கூரையில் செருகியே வைத்திருந்தார். நானும் அதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன்.

பங்களாவில் இருந்தவர்கள் அமெரிக்கத் துரையும் துரைசானியும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் ஆயா ஒருத்தி உண்டு. குழந்தை இல்லாத வீட்டில் எதற்கு ஆயா என்று கேட்காதீர்கள். பங்களாவில் பெருக்கித் துடைக்கிற பெண்பிள்ளைக்கு அதுதான் பெயர். கிளியனூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி, நெட்டையாக இருப்பாள், சிரித்தால் வெற்றிலைக் காவி தெரியும். புருஷன் செத்த பிறகு ஒரு துணிமூட்டையோடு வந்து வேலைக்குச் சேர்ந்தவள். காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லோரும் அவளை வா, போ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் அம்மா வயது அவளுக்கு இருக்கும். அப்போது அது உறைக்கவில்லை.

துரைசானியிடம் லேஸ் பின்னக் கற்றுக்கொள்ள அம்மா என்னைத் தினமும் மத்தியானம் அனுப்புவாள். துரை ஆபீசில் இருப்பார். காம்பவுண்டே வெயிலுக்குப் பயந்து சுருண்டு கிடக்கும். ஒருநாள் நான் போனபோது கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே பிடில் சத்தம். அப்பா வாசிப்பது போல இழைந்து இழைந்து வருகிற சத்தம் இல்லை. துள்ளல். ஒரே அடியைத் திருப்பித் திருப்பி, கூடவே தரையில் யாரோ குதிகாலால் தட்டுகிற சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். துரைசானி செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பிடிலை மோவாய்க்குக் கொடுக்காமல் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் சாய்த்து வைத்திருந்தார். அந்த வெளுத்த முகம் சிவந்து வேர்த்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று பாமாலை வாசிக்கிற துரைசானியா இவர் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பிறகு உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அவர் பேசுகிற தமிழ், வேதப்புத்தகத்தில் இருந்து எழுந்து வந்த தமிழ்.

"சிறு பெண்ணே, என் தேசத்து மலைகளிலே மேளம் இல்லை, நாகசுரம் இல்லை. பிடில் ஒன்றே உண்டு. களஞ்சியம் கட்டினாலும் கலியாணம் ஆனாலும் சோளம் உரித்தாலும் பிடில்காரனை அழைப்பார்கள். அவன் வராவிட்டால் ஜனங்கள் ஆடார்கள். என் தகப்பனார் பிடில்காரர்."

"அப்புறம் ஏன் கதவ சாத்திகினு வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊர்ச் சபையார் இதைப் பிசாசின் பெட்டி என்பார்கள்" என்றார் சாதாரணமாக. அவருடைய அம்மா ஞானஸ்நானம் பெற்ற வருஷம் அப்பா பிடிலைச் சோளப் பரணில் ஒளித்துவைத்து, இரண்டு வருஷம் கழித்து எடுத்தாராம். அதே பிடில்தான் இது. துரைக்கு அவருடைய ஆட்டப் பாட்டுகள் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரிந்தும் தெரியாதது போல இருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மறுபடி வில்லை எடுத்தார். நான் லேஸ் ஊசியோடு உட்கார்ந்திருந்தேன். நாலு அடி போவதற்குள் வில்லாலேயே என்னைச் சுட்டி, "இதை உட்கார்ந்து கேட்பது நியாயமல்ல" என்றார். அப்படித்தான் எழுந்தேன். யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அந்தப் பிடில் காலைச் சும்மா இருக்கவிடாது, அவ்வளவுதான். தரையில் வைத்த கால் வைத்த இடத்தில் நிற்காது. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று இந்த வயதில் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. அந்த வருஷம் நான் பின்னிய லேஸ் மொத்தம் இரண்டு விரற்கடை.

ஆயா எப்படி இதில் சேர்ந்தாள் என்று சொல்கிறேன். துரைசானியின் ஊரில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே பிடிலின் தந்திமேல் இரண்டு வைக்கோல் தாளால் தாளம் தட்டுவார்களாம். துரைசானிக்கு அவர் தம்பி தட்டியிருக்கிறார். என்னைத் தட்டச் சொன்னார். வைக்கோலுக்குப் பதில் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சி. நான் தட்டியது கல்லில் துணி துவைக்கிற மாதிரி இருந்தது. மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஆயா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நவுரு பாப்பா" என்று குச்சியை என் கையிலிருந்து வாங்கினாள்.

அவள் அப்பா ஊரில் மோளம் அடிக்கிறவர். வில்லுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துண்டுத் தந்தியில் அவள் ஈர்க்கை விட்ட மாத்திரத்தில் துரைசானி கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நாங்கள் மூன்று பேர். "வெளிய மூச்சு வுடக்கூடாது பாப்பா" என்று ஆயா சொல்வாள். நானா விடுவேன்? கூரையில் மிளாறு இருந்த இடம் எனக்குத் தெரியுமே.

ஒருநாள் துரைசானி பிடிலை என் காதருகே கொண்டுவந்து ஆட்டினார். உள்ளே சர்ரென்று ஒரு சத்தம். பயந்துவிட்டேன். ஓட்டை வழியே கவிழ்த்துத் தட்டி, ஒன்றை என் உள்ளங்கையில் விழவைத்தார். பழுப்பு நிறம், கனமே இல்லை, வளையம் வளையமாக அடுக்கி, ஒரு விரல்கணு நீளம் இருந்தது.

"சர்ப்பத்தின் வால். என் தேசத்திலே ஒரு பாம்பு உண்டு, வாலை ஆட்டி எச்சரிக்கும். என் தகப்பனார் இதைக் கொன்றார். இது உள்ளே இருந்தால் எலி அணுகாது, சத்தமும் இனிமையாகும். பிடில்காரர்கள் எல்லோரும் வைப்பார்கள்."

அந்த அப்பா இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறதென்றும், கப்பலில் வந்த கடிதம் அடக்கம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகே கைக்குக் கிடைத்ததென்றும் சொன்னார். வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பிடிலைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அது ஏன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஏப்ரலில் மிஷன் துரைமார்கள் எல்லோரும் கோடையைக் கழிக்க மலைக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் அவர்கள் கிளம்புகிற வாரத்தில் அப்பாவின் வண்டி குடைசாய்ந்து, பிடிலின் கழுத்து முறிந்துபோயிற்று. கோடைக் காலட்சேபம் பூராவும் பாக்கி. துரை தாராளமாக, "உபதேசியாரே, என் மனைவியினுடையதை எடுத்துக்கொள்ளும்" என்றார். துரைசானி ஏற்கெனவே ஜட்காவில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சுற்றிலும் சபையார் நின்றார்கள். மூடிக்கொண்டார். ஜட்கா போய்விட்டது. காம்பவுண்டுப் பொறுப்பு முழுவதும் அப்பாவிடம்.

அன்று சாயங்காலம் அப்பா பெட்டியைத் திறந்து தந்தியை மீட்டினார். புருவம் சுருங்கியது.

"இது நம்ம சுருதியாச்சே" என்றார்.

வெள்ளைக்காரர்கள் நாலு தந்திக்கும் நாலு சுரம் வைப்பார்கள். நம்மவர்கள் ச-ப, ச-ப என்று இரண்டையே இரட்டித்து வைப்பார்கள். துரைசானியின் மலைக்காரர்களும் சில ஆட்டப் பாட்டுகளுக்கு அப்படித்தான் கூட்டுவார்களாம். சும்மா கிடக்கிற தந்தியும் கூடவே ரீங்கரிக்கும் என்று துரைசானி எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அதை யார் சொல்வது? நம் ஆள் யாரோ இதில் கைவைத்திருக்கிறான் என்று அப்பா நினைத்தார். அது வரைக்கும் நியாயமான நினைப்புதான். பிறகு பிடிலைத் தூக்கியபோது உள்ளே சத்தம் கேட்டது. கவிழ்த்து உதறினார். முதலில் விழுந்தது ஒடிந்த ஈர்க்குச்சித் துண்டு. அடுத்து விழுந்தது பாம்பு வால்.

அம்மா இரண்டடி பின்னால் போனாள். "வெப்புங்க இது, செய்வினை. யாரோ துரைசானிக்கு வெப்பு வெச்சிருக்காங்க. கொழந்த இல்லாம இருக்கிறது இதாலதான்."

பில்லியும் சூனியமும் இல்லவே இல்லை என்று எத்தனையோ கிராமத்தில் பிரசங்கம் செய்தவர் என் அப்பா. அந்த வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பும் இல்லை, கொம்பும் இல்லை, விதையும் இல்லை. ஆட்டினால் சீறுகிறது. நம் பக்கத்தில் அப்படி ஒரு பாம்பே கிடையாது, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? ஜெபம் பண்ணினார். பிறகு அடுப்பில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். நகம் கருகுகிற நாற்றம் வீடெல்லாம் பரவியது. நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும், நிறுத்தியிருப்பார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். துரைசானி காட்டினார் என்பேன். எப்போது என்பார். அந்தக் கேள்விகளின் கடைசியில் புளியமிளாறு இருந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பங்களாவில் விளக்குமாற்றைத் தொடுகிறவள் ஆயா ஒருத்திதான். மறுநாள் காலையில் அப்பா அவளைப் பங்களா வாசலுக்குக் கூப்பிட்டார். காம்பவுண்டே கூடிவிட்டது.

"துரைசானி பிடில நீ தொட்டியா?"

"தொட்டேங்க."

"உள்ள வெளக்குமாத்துக் குச்சி எப்பிடி போச்சு?"

"ஒடஞ்சி வுழுந்திருக்கும்ங்க."

"பிடிலுக்கும் வெளக்குமாத்துக் குச்சிக்கும் என்னா சம்பந்தம்?"

ஆயா கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடி, என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனேன்.

அவள் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார் அப்பா. காவல்காரர் எல்லோருக்கும் நடுவில் அவிழ்த்துக் கொட்டினார். ஒரு புடவை, மரச்சீப்பு, சுருக்குப்பை, ஒரு படி கேப்பை மாவு. அடியில் நூல் சுற்றிப் பத்திரமாக வைத்த இரண்டு ஈர்க்குச்சிகள், நுனி தேய்ந்து மழமழவென்று இருந்தன. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அப்பா அவற்றை ஒடித்து எறிந்தார். "துரை வர்ற வரிக்கும் வெச்சிகினு இருக்க முடியாது. நீ போயிடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கடமையைச் செய்கிற குரல். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. கொட்டிய மாவை மண் ஒட்டாமல் பார்த்துப் பார்த்து அள்ளி, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆயா போனாள்.

அந்தக் கோடை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் சூடு என்று அம்மா எனக்கு விளக்கெண்ணெய் கொடுத்தாள்.

ஜூன் கடைசியில் துரையும் துரைசானியும் திரும்பினார்கள். பங்களா வராந்தாவில் அப்பா பிடில் பெட்டியை மரியாதையாக நீட்டினார். துரைசானி தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, பிடிலை எடுத்துக் காதருகே ஆட்டினார். இன்னொரு தடவை ஆட்டினார்.

"உபதேசியாரே, இதினுள் இருந்தது எங்கே?"

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். சுருதியை, குச்சியை, வைப்பை, ஆயாவை. தான் அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். துரைசானி படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அது என் தகப்பனாருடையது" என்றார். பிடிலை மடியில் வைத்துக்கொண்டு, "ஆயா குற்றமற்றவள்" என்றார்.

"அப்ப குச்சி எதுக்குங்கம்மா?" என்று அப்பா கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

துரைசானி துரையைப் பார்த்தார், நின்றிருந்த சபையாரைப் பார்த்தார். ஜட்காவில் பார்த்தேனே, அதே வாய், திறந்து மூடுகிற வாய். இவரும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் ஆயா சூனியக்காரியாகவே இருந்துவிடுவாள். அந்த நிமிஷத்தில் மிளாறை நான் மறந்தேன் என்று சொன்னால் பொய். நன்றாக நினைவிருந்தது. வராந்தா மூலையில் இருந்த விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவிக்கொண்டு போய் துரைசானியின் பக்கத்தில் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முறுக்காணியைத் திருகி ச-ப, ச-ப என்று கூட்டினார். வாசித்தார். கதவு சாத்தாமல், அத்தனை பேருக்கும் முன்னால், குதிகாலால் படியைத் தட்டிக்கொண்டு. நான் தந்தியில் தட்டிக் காட்டினேன், என் லட்சணம் தெரியுமே, அது சரியாக வரவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஆடினேன். அழுதுகொண்டே ஆடினேன். வராந்தாவில் ஒருவரும் அசையவில்லை.

பாட்டு நின்றதும் அப்பா முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த ஈர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டார்.

"லேஸ் கத்துக்கப் போனதுலேர்ந்து."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அடிப்பீங்கன்னு."

அப்பா என்னை அடிக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "வா, ஆயா எங்க இருக்குன்னு கேட்டுப் போவோம்" என்றார்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வேர்க்கடலை உடைக்கிற ஒரு மல்லாட்டை மில்லில் இருந்தாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பொக்கைக் கடலையைப் பொறுக்குகிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தூசியில் தலை நரைத்தவள் போலத் தெரிந்தாள். அப்பா அந்தப் பெண்கள் எல்லோரும் பார்க்கத் தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. என்ன மன்னிச்சிடு" என்றார்.

ஆயா முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "சொல்லியிருப்பேங்க. சொன்னா பாப்பா முதுகுத் தோலு உரிஞ்சிருக்கும், துரைசானிக்கும் பேஜாரு. அதான் வாயப் பொத்திகினேன்." முறம் நின்றது. "ஆனா பாப்பா சொல்லும்னு நெனச்சேன். ரோட்டு மொன வரிக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனேங்க."

தோழிகளே, எழுபது வயதுக்குமேல் வாழ்ந்தாயிற்று. பிள்ளை பெற்றேன், புருஷனைப் புதைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் போல எதுவும் என்னை அறுத்ததில்லை.

"மன்னிச்சிடு ஆயா" என்று சொல்லப் பார்த்தேன். பாதிதான் வந்தது, மீதி அழுகை. அவள் முறத்திலிருந்து ஒரு பிடி மல்லாட்டைப் பருப்பை அள்ளி என் கையில் வைத்தாள். "சரி சரி, துன்னு" என்றாள்.

அப்பா வேலைக்குத் திரும்ப வரச் சொன்னார். துரைசானி எதிர்பார்க்கிறார் என்றார். ஆயா தலையை ஆட்டிவிட்டாள்.

"வேலைக்கு வர மாட்டேங்க. இங்க எம்மூட்டைய யாரும் அவுத்துப் பாக்கறதில்ல." முறத்தைக் கீழே வைத்தாள். "வாசிக்கிறதுக்குன்னா சொல்லுங்க, வர்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பாசஞ்சரில் வந்து இறங்கினாள். பங்களாவின் பின்கட்டு வழியாகத்தான் அவள் எப்போதும் வருவாள். அன்று முன்வாசல் படியேறி வந்தாள். துரைசானி வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார். சபையாரில் சிலர் வந்திருந்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஆயா அப்பாவின் காலடியில் தன் மூட்டையை வைத்து, முடிச்சைத் தானே அவிழ்த்து விரித்தாள்.

"பாத்துக்குங்க ஐயா" என்றாள்.

உள்ளே ஒரு புடவையும், நூல் சுற்றிய இரண்டு புது ஈர்க்குச்சிகளும் இருந்தன. அப்பா குச்சிகளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் தரையில் மண்டிபோட்டு, அந்த மூட்டையை மடித்துக் கட்டினார். அவர் கட்டி முடிக்கும்வரை துரைசானி வில்லை எடுக்கவில்லை.